கண்டக்குழிக் கரையில் நான்கு நட்டுகள்

இலங்கையின் தேசப்படத்தை விரித்து வைத்து, மேற்குக் கரையோரமாக விரலை வடக்கு நோக்கி நகர்த்திச் செல்லும் மாணவன் புத்தளத்துக்குச் சமீபத்தில் சற்று நின்றே ஆகவேண்டும். அங்கே நிலத்தின் ஒரு பகுதி ஒடுங்கிய நாக்கைப்போல வடதிசை நோக்கிக் கடலுக்குள் நீண்டு செல்கின்றது. அதன் மேற்கே திறந்த பெருங்கடல். கிழக்கே அமைதியான புத்தளம் களப்பு. இதுவே கற்பிட்டிக் குடாநாடு. அதன் நுனியிலுள்ள கற்பிட்டி நகருக்குச் சிறிது தெற்கே, பெருங்கடலைப் பார்த்தபடி அமைந்திருக்கும் மீனவர் கிராமமே கண்டக்குழி.

சென்ற மார்கழி விடுமுறையில் நாம் குடும்ப சமேதராய் அவ்வூருக்குச் சென்று வந்தோம். ஓங்கில்கள் கூட்டம் கூட்டமாகத் துள்ளுவதைக் காணவேண்டும் என்பது எமது பிள்ளைகளின் நெடுநாள் ஆசை. கார்த்திகை தொடக்கம் சித்திரை வரையில் இக்கரையில் கடல் தணிந்திருக்கும். வைகாசியில் தென்மேற்குக் காற்று எழுந்துவிட்டால் சிறு வள்ளங்கள் வெளியே செல்வது கடினம். ஆகவே காலம் பொருத்தமானதாய் இருந்தது. வாகனத்தைப் பற்றி மாத்திரம் மனத்தில் ஒரு சிறு ஐயம் இருந்தது. ஓங்கிலைக் காணச் சென்ற பிரயாணத்தில் நாமும் பிள்ளைகளும் கற்றுக்கொண்ட பாடம் அந்த ஐயத்திலிருந்து பிறந்ததாகையால், அதனை முதலில் கூறிவிடுகின்றோம்.

பழைய வண்டியும் புதிய பற்றுச்சீட்டும்

எமது வாகனம் ஒரு மொரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளரின் திட்டப்படி இங்கிலாந்தில் 1948ஆம் ஆண்டு வெளிவந்து, 1971 வரையில் பதினாறு இலட்சத்துக்கு மேல் உற்பத்தி செய்யப்பட்ட இச்சிறு கார், இலங்கையில் இன்றும் பல வீடுகளில் குடும்பத்தின் ஓர் அங்கத்தவரைப்போல வாழ்ந்து வருகின்றது. 2020ஆம் ஆண்டு பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இன் தொடக்கத்திலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டமையால், இடைப்பட்ட வருடங்களில் பழைய வாகனங்களைச் செப்பனிட்டு ஓட்டுவதன்றி நடுத்தரக் குடும்பங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. கராஜ்களில் வேலை குவிந்தது. தேர்ந்த கைகளோ குறைந்தன. பலர் வெளிநாடு சென்றுவிட்டனர்.

பிரயாணத்துக்கு மூன்று தினங்களின் முன்னர் எமது வண்டி ஒரு பழுதுபார்க்கும் நிலையத்திலிருந்து திரும்பியது. இயந்திரத்தின் வலுவைப் பின்சில்லுகளுக்குக் கொண்டு செல்லும் நீண்ட தண்டில், யுனிவர்சல் மூட்டு ஒன்று தேய்ந்து போயிருந்தது. அதனை மாற்றியதாகவும், பின்னச்சுப் பெட்டியின் எண்ணெயைப் புதுப்பித்ததாகவும் பற்றுச்சீட்டிலே எழுதியிருந்தனர். கழற்றிய பழைய மூட்டைக் கேட்டோம், “எறிந்துவிட்டோம்” என்றார்கள். எண்ணெய்ப் போத்தலைக் கேட்டோம். அதற்குப் பதில் கிடைக்கவில்லை. திறப்பைக் கொண்டுவந்து தந்த சிறுவனுக்கு எந்த வேலை யார் செய்தது என்பதே தெரியாது.

வீட்டிலே எம்மால் இயன்றவரை பார்த்துக்கொண்டோம். சில்லுகளின் நட்டுகளை இறுக்கிப் பார்த்தோம். கையை நீட்டித் தண்டை முறுக்கிப் பார்த்தோம், அது அசையவில்லை. வண்டியின் கீழே படுத்து நோக்கும் அளவுக்கு எமது ஒழுங்கையில் இடமில்லை. புதிதாகப் பூட்டிய பாகங்கள் முதல் நூறு கிலோமீற்றர் ஓடியபின் தம் இடத்தில் அமர்வது இயல்பாகையால், அத்தூரம் சென்றதும் சமதரையில் நிறுத்தி முழுமையாகச் சோதிப்பதென்று திட்டமிட்டு, மைனருக்குரிய அங்குல அளவு ஸ்பானர்களையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டோம்.

வடக்கு நோக்கிய பாதை

கொழும்பிலிருந்து நீர்கொழும்பு வழியாகச் செல்லும் பாதை, சிலாபம் வரையில் தென்னந்தோப்புகளின் நிழலிலேயே ஓடுகின்றது. சிலாபத்தை அடுத்து முன்னேச்சரத்தில் இறங்கிச் சுவாமி தரிசனம் செய்தோம். அப்பால், இடப்புறமாகக் கிளைக்கும் பாதையிலே திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பால் புகழ்பெற்ற உடப்பு என்னும் தமிழ்க் கிராமம் இருக்கின்றது. புத்தளத்தை அடையுமுன் பாலாவிச் சந்தியில் இடப்பக்கம் திரும்பினால் கற்பிட்டி வீதி. திரும்பியவுடனேயே நிலத்தின் முகம் மாறிவிடுகின்றது. தென்னை ஐதாகின்றது, உப்பளங்கள் வெயிலில் மின்னுகின்றன, வீதியோரத்தில் கழுதைகள் எவருக்கும் அஞ்சாமல் நிற்கின்றன. மணற்பாங்கான நிலத்தில் மிளகாயும் வெங்காயமும் பசுமையாய் நிற்கக் காண்கின்றோம்.

நுரைச்சோலையில் வானளாவிய புகைபோக்கி தூரத்திலேயே தென்படுகின்றது. இங்குள்ள நிலக்கரி மின்னிலையத்தின் முதற்பகுதி 2011ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. மூன்று பகுதிகளும் சேர்ந்து 900 மெகாவாட் வலுவை உற்பத்தி செய்ய வல்லவை. அதற்குச் சற்று அப்பால் காற்றாலைகளின் பெரும் இறக்கைகள் மெல்லச் சுழல்கின்றன. பின்னர் தலவில, கடற்கரையோரமாகப் புனித அன்னம்மாள் தேவாலயம். அதன் திருவிழாக் காலத்தில் சாதி மத பேதமின்றி மக்கள் திரள்வர்.

தலவிலவைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றிருப்போம். வண்டியின் அடியிலிருந்து “டக்” என்று ஓர் ஓசை எழுந்தது. காலை மிதியிலிருந்து எடுத்தால் ஒருமுறை. மீண்டும் அழுத்தினால் ஒருமுறை.

வாகனம் ஊமையன்று, அதன் பாஷையை அறிந்தவர்க்கு அது நிறையவே பேசும். வண்டி நின்றிருக்க, கியர் போடாத நிலையில் இரைந்து, கிளச்சை மிதித்தவுடன் ஓய்கின்ற ஓசை பெரும்பாலும் கியர்ப் பெட்டியின் பேரிங்கிலிருந்து வருவது. கிளச்சை மிதிக்கும்போது மாத்திரம் எழும் ஓசை கிளச்சை விடுவிக்கும் பேரிங்குக்குரியது. எந்தக் கியரில் ஓடினாலும் வேகத்தோடு கூடவே வளரும் அதிர்வு தண்டிலோ சில்லிலோ உள்ள குறையைக் காட்டும். வலுவை ஏற்றும்போதும் இறக்கும்போதும் “டக்” என்று ஒருமுறை தட்டுவது, எங்கோ ஓரிடத்தில் ஒரு பிணைப்புத் தளர்ந்திருக்கின்றது என்பதன் அறிகுறி. எமது வண்டி சொன்னது இந்தக் கடைசிச் செய்தியைத்தான். வேகத்தைக் குறைத்து, அருகிலிருந்த கண்டக்குழியை மெல்ல மெல்லச் சென்றடைந்தோம்.

வாடியிலே கிடைத்த உதவி

கண்டக்குழிக் கரையை முதன்முறை காண்பவர் கண்ணை எடுக்கமாட்டார். அகன்ற மணற்பரப்பு, அதன்மேல் நீலமும் சிவப்பும் பச்சையுமாக வண்ணந்தீட்டிய கண்ணாடியிழை வள்ளங்கள் வரிசையாக ஏற்றி வைக்கப்பட்டிருக்கின்றன. ஓலைவாடிகளின் முன்னே வலைகள் காய்கின்றன. கருவாட்டு மணத்தைக் காற்று சுமந்து வருகின்றது. தமிழ் பேசும் இஸ்லாமியரும் கத்தோலிக்கரும், சிங்கள மக்களும் அக்கம்பக்கமாகத் தொழில் செய்யும் கரையோரம் இது.

வள்ள இயந்திரங்களைத் திருத்தும் வாடியொன்றில் சீமெந்துத் தளம் இருந்தது. அங்கே எழுபது வயது மதிக்கத்தக்க இஸ்லாமிய முதியவர் ஒருவர், வள்ளத்தின் பின்னே பூட்டும் இயந்திரமொன்றை நிறுத்தி வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார். எமது தேவையைக் கூறி, வண்டியை மணலோரத்தில் நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்டோம். அவர் சிரித்தார்.

“மணலிலே ஜக் வைத்தால் ஜக்தான் கீழே போகும் மாஸ்டர், கார் மேலே வராது. இந்தத் தளத்திலே விடுங்கள்.”

வண்டியை உள்ளே விட்டோம். முன்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் தென்னங்குற்றிகளை அண்டை கொடுத்தார். ஜக்கினால் பின்பக்கத்தின் ஒருபுறத்தை உயர்த்தி, அச்சின் கீழே கனத்த மரக்கட்டை ஒன்றை வைத்தபின்பே எவரையும் கீழே குனிய விட்டார். ஜக்கை மாத்திரம் நம்பி வாகனத்தின் அடியில் புகுவது உயிரோடு விளையாடுவதாகும் என்பதை மாணவர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

வண்டியைக் கியரில் வைத்துவிட்டு, உயர்ந்து நின்ற சில்லை முன்னும் பின்னுமாக அசைத்தோம். கியரில் இருப்பதால் தண்டு சுழல முடியாது. மறுசில்லு தரையில் இருப்பதால் அதுவும் சுழல முடியாது. ஆகவே இந்தச் சில்லு எவ்வளவு அசைகின்றதோ அவ்வளவும் இடையிலுள்ள பாகங்களின் தளர்ச்சியே. ரயரின் விளிம்பில் இரண்டு விரற்கிடை அசைந்து, “டக்” என்றது.

கீழே படுத்து விளக்கொளியில் நோக்கினோம். யுனிவர்சல் மூட்டு உண்மையாகவே புதியது, பளபளப்பு மாறவில்லை. கிறீஸும் இடப்பட்டிருந்தது. காய்ந்துபோன மூட்டின் கிண்ணங்களைச் சுற்றித் துருநிறத் தூள் படிந்திருக்கும். இங்கே அதன் சாயலும் இல்லை. ஆனால் தண்டின் பின்முனையைப் பின்னச்சோடு பிணைக்கும் நான்கு நட்டுகளில் இரண்டு, விரலால் திருப்பவே திரும்பின. மூன்றாவது ஸ்பானர் பட்டவுடன் இளகியது. ஒன்று மாத்திரமே இறுகியிருந்தது. மனைவியும் மக்களும் அமர்ந்திருக்க, நூற்றைம்பது கிலோமீற்றர் தூரத்தை எம்மோடு இறுதிவரை காத்து வந்தது அந்த ஒற்றை நட்டுத்தான்.

அவ்விடம் முற்றாகக் கழன்றிருந்தால், சுழலும் தண்டின் பின்முனை வீதியில் விழுந்து வண்டியின் அடித்தளத்தைத் தாக்கியிருக்கும். எமது துணைவியார் இதைக் கேட்டு ஒன்றும் பேசவில்லை. இளைய பிள்ளையைத் தம் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்.

ஒரே எண்ணெய்

நட்டுகளை ஒன்றுக்கொன்று எதிர்ப்புறமாக மாறி மாறி, சிறிது சிறிதாக இறுக்கினோம். ஒன்றை முழுவதும் இறுக்கிவிட்டு மற்றதற்குச் சென்றால் பிணைப்புச் சமமாக அமராது. சில்லை மீண்டும் அசைத்தபோது ஓசை மறைந்துவிட்டது. எஞ்சிய சிறு அசைவு பழைய பற்சில்லுகளுக்கு இயல்பானதே.

அப்பொழுது முதியவர் பின்னச்சுப் பெட்டியின் எண்ணெய் அடைப்பைச் சுட்டிக்காட்டினார். “மாஸ்டர், இதைப் புதுப்பித்ததாகவா சொன்னார்கள்? இந்த அடைப்பு வருடக்கணக்காகத் திறக்கப்படவில்லை. சேறு உறைந்து கிடக்கின்றது பாருங்கள்.”

பற்றுச்சீட்டு ஒன்று சொல்லிற்று. சேறு வேறொன்று சொல்லிற்று. சேற்றுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

சுற்றிலும் உள்ள மணலைக் கம்பித் தூரிகையால் துடைத்த பின்னரே அடைப்பைத் திறந்தோம். எண்ணெய் ஊற்றும் அடைப்பை முதலில் திறந்து பார்த்த பிறகே வடிக்கும் அடைப்பில் கைவைக்க வேண்டும். மேலே உள்ளது இறுகித் திறக்க மறுத்தால், வடித்துவிட்ட பின்பு நிரப்ப வழியிராது. முறைப்படி எண்ணெய் துவாரத்தின் விளிம்பு மட்டத்துக்கு இருக்கவேண்டும். விரலை வளைத்து உள்ளே விட்டும் எண்ணெய் தட்டுப்படவில்லை. வடித்தபோது அது கறுத்து வந்தது. தேனின் நிறமாய் இருப்பின் புதியது. பால் கலந்தாற்போல் வெளுத்திருப்பின் நீர் புகுந்தது. உலோகத் துண்டுகள் மின்னின் பற்கள் உடைகின்றன. வெள்ளைத் துணியில் விட்டுப் பார்த்தோம். நல்ல வேளையாக உலோகத் துண்டு எதுவும் இல்லை.

புதிய எண்ணெய்க்கு எங்கே போவது? முதியவர் அலுமாரியிலிருந்து முத்திரை உடையாத போத்தல் ஒன்றை எடுத்து வந்தார். அது வள்ள இயந்திரத்தின் அடிப்பெட்டிக்கு ஊற்றும் தொண்ணூறாம் இலக்கக் கியர் எண்ணெய். எமது மைனரின் பின்னச்சு கேட்பதும் அதே தொண்ணூறாம் இலக்கமே. முக்கால் லீற்றருக்குச் சற்று மேலாகப் பிடித்தது. கியர்ப் பெட்டிக்கும் அதையே ஊற்றுவோமா என்று எமது மூத்தவன் கேட்டான். மைனரின் கியர்ப் பெட்டிக்கு இயந்திர எண்ணெயே உரியது. பின்னச்சு எண்ணெயில் சேர்க்கும் சில இரசாயனங்கள் பித்தளைப் பாகங்களை அரிக்கக்கூடும் என்று விளக்கினோம். இக்காலத்து யப்பானிய வாகனங்களுக்கோ இது இன்னும் முக்கியம். அவற்றின் தானியங்கிக் கியர்ப் பெட்டிகளில் மாறான திரவம் ஊற்றினால் பெட்டியே கெட்டுவிடும்.

வள்ளத்துக்கும் காருக்கும் ஒரே எண்ணெய் எப்படி என்று பிள்ளைகளுக்கு வியப்பு. முதியவர் தாம் திருத்திக்கொண்டிருந்த இயந்திரத்தைக் காட்டினார். மேலிருந்து நேர்செங்குத்தாக இறங்கும் தண்டின் சுழற்சியைக் கீழேயுள்ள பற்சில்லுகள் செங்கோணத்தில் திருப்பி, நீரைத் தள்ளும் விசிறிக்குக் கொடுக்கின்றன. காரிலும் முன்னிருந்து பின்னே வரும் சுழற்சி பின்னச்சிலே செங்கோணத்தில் திரும்பிச் சில்லுகளைச் சேர்கின்றது. வேலை ஒன்று, ஆகவே எண்ணெயும் ஒன்று.

காரில் மற்றுமோர் அற்புதம் உண்டு. அதைக் காட்ட, மறுபக்கத்தையும் கட்டையில் ஏற்றி ஒரு சில்லைச் சுழற்றினோம். மறுசில்லு எதிர்த்திசையில் சுழன்றது! பிள்ளைகள் கைகொட்டினர். வளைவிலே திரும்பும்போது வெளிச்சில்லு அதிக தூரமும் உட்சில்லு குறைந்த தூரமும் ஓடவேண்டும். இரண்டுக்கும் வலுவைக் கொடுத்துக்கொண்டே வேகத்தில் வேறுபட இடமளிப்பது டிபரென்ஷல் எனப்படும் இந்தப் பற்சில்லுத் தொகுதியே. யுனிவர்சல் மூட்டை விளக்கி எழுதியவர்களில் ஒருவர் 17ஆம் நூற்றாண்டின் ஆங்கில விஞ்ஞானி றொபேட் ஹூக். அவருடைய பெயராலும் அம்மூட்டு வழங்குகின்றது. அதே நூற்றாண்டில்தான், 1667இல், ஒல்லாந்தர் கற்பிட்டிக் கோட்டையைக் கட்டத் தொடங்கினர் என்பதும் நினைவுக்கு வந்தது.

முதியவர் சொன்ன காரணம்

தேநீர் வந்தது. “நானா, ஒவ்வோர் இயந்திரத்தையும் நீங்களே திறந்து பார்ப்பீர்களா?” என்று வினவினோம்.

“என் மகன் திருத்தினாலும் நான் பார்ப்பேன். நான் திருத்தினால் அவன் பார்ப்பான்” என்றார். தங்கூசி நூல் விசிறித் தண்டில் சுற்றிக்கொண்டு ஒயில் சீலை அறுத்துவிடுமாம். உப்புநீர் உள்ளே புகுந்து எண்ணெயைப் பாலாக்கிவிடும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது; கீழேயுள்ள திருகாணியைச் சற்று இளக்கி இரண்டு துளி வடித்துப் பார்த்தால்தான் தெரியும். கரையில் பார்க்காவிட்டால் கடலில் பார்க்க நேரும்.

பின்னர் மெதுவாக வேறொரு கதையும் சொன்னார். அவர் மன்னாரைச் சேர்ந்தவர். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, மன்னாரிலிருந்து பல குடும்பங்கள் கடல்வழியாக இக்கரைக்கு வந்து சேர்ந்தன. அவர் செலுத்திய வள்ளத்தில் பெண்களும் குழந்தைகளுமாகப் பதினேழு பேர். புறப்பட அவகாசமில்லை, சுற்றிலும் அழுகை. ஆயினும் திருகாணியை இளக்கி எண்ணெயைப் பார்த்த பிறகே கயிற்றை அவிழ்த்தாராம்.

“எல்லோரும் ஏசினார்கள் மாஸ்டர். இரண்டு நிமிஷம்தான். நடுக்கடலில் நின்றிருந்தால் யாரிடம் போய்க் கேட்பது?”

அதற்குமேல் அவர் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை.

புறப்படுமுன், வள்ளத்துக்குத் தீட்டும் நீல வண்ணத்தில் குச்சியைத் தோய்த்து, ஒவ்வொரு நட்டின்மேலும் அது பூட்டப்பட்ட இடத்தின்மேலும் சேர்த்து ஒரு கோடு இழுத்தார். நட்டு எப்போதாவது இளகினால் கோடு முறிந்து காட்டும். வேலைக்கு அவர் பணம் வாங்க மறுத்தார். எண்ணெயின் விலையை மாத்திரம் பெற்றுக்கொண்டார்.

மறுநாள் அதிகாலை அவருடைய மகனின் வள்ளத்திலேயே கடலுக்குச் சென்றோம். கரை மங்கி மறையும் தூரத்தில் கடல் திடீரென்று உயிர்கொண்டது. நூற்றுக்கணக்கான ஓங்கில்கள் நீரைக் கிழித்து எழுந்து, அந்தரத்தில் பம்பரம்போலச் சுழன்று விழுந்தன. 1992இல் சரணாலயமாக்கப்பட்ட முருகைக்கற் பாறைத்தொடர் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள இக்கடலிலேயே இருக்கின்றது. கரையேறியதும் மகன் செய்த முதல் வேலை, இயந்திரத்தை உயர்த்தி விசிறித் தண்டில் நூல் சுற்றியிருக்கின்றதா என்று பார்த்ததுதான். எமது மூத்தவன் அதனைக் கவனித்துக்கொண்டு நின்றான்.

திரும்பிய பின்

சிலாபத்தில் ஒருமுறையும் வீட்டில் ஒருமுறையும் நீலக்கோடுகளைப் பார்த்தோம், நான்கும் முறியவில்லை. பற்றுச்சீட்டோடு பழுதுபார்க்கும் நிலையத்துக்குச் சென்று கண்டவற்றை அமைதியாகக் கூறினோம். உரிமையாளர் வேலையாட்களை அழைத்து விசாரித்தார். மூட்டைப் பூட்டத் தொடங்கியவர் இடையில் வேறு வேலைக்கு அழைக்கப்பட்டிருக்கிறார். மற்றவர் எல்லாம் முடிந்ததென்று எண்ணியிருக்கிறார். எண்ணெயைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. அதற்குரிய பணத்தை உரிமையாளர் திருப்பித் தந்தார். மூட்டு புதியது என்பதையும் நாம் அவரிடம் கூறத் தவறவில்லை. நல்ல வேலையும் அரைகுறை வேலையும் ஒரே பற்றுச்சீட்டில் இருக்கக்கூடும். எது எதுவென்று காகிதம் காட்டாது.

கண்டக்குழிக்குச் செல்ல விரும்பும் வாசகர்கள் கார்த்திகைக்கும் சித்திரைக்கும் இடையில் செல்வது நலம். பாலாவிக்கு அப்பால் பட்டணத்துக் கடைகளை எதிர்பார்க்க முடியாதாகையால், வேண்டியவற்றை முன்னரே வாங்கிக்கொள்ளுங்கள். வாகனம் திருத்தப்பட்டு வந்திருந்தால், கழற்றிய பழைய பாகங்களையும் எண்ணெய்ப் போத்தலையும் கேட்டு வாங்குங்கள். தொட்டதாகச் சொல்லும் அடைப்புகளிலும் நட்டுகளிலும் தொட்ட அடையாளம் இருக்கின்றதா என்று பாருங்கள். நட்டுகளில் ஒரு கோடு இழுத்து வைத்து, நூறு கிலோமீற்றர் சென்றதும் மறுபடி குனிந்து நோக்குங்கள். முன்சில்லுகளால் ஓடும் வாகனமாயின், சில்லுக்குச் செல்லும் தண்டுகளின் இறப்பர் உறைகள் கிழிந்து கிறீஸ் சிந்தியிருக்கின்றதா என்பதையும் கவனியுங்கள். இவ்வாறு பார்ப்பதனால் திருத்தியவரை அவமதித்ததாகாது. நல்ல தொழிலாளி அதனை விரும்பவே செய்வார். இதற்கெல்லாம் செலவாவது சில நிமிஷங்களே.